பம்ப் இல்லாத கூலர்

நனைந்த வெட்டிவேர் வாசனை எங்கே வந்தாலும் எனக்குத் தொண்ணூறுகளின் டெல்லி வெயிலும், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற அப்பாவின் கூலரும்தான் நினைவுக்கு வரும். ஊரார் வீட்டுக் கூலர்களில் சின்ன பம்ப் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றி வெட்டிவேர்த் தட்டியை நனைக்கும். அப்பா கண்டுபிடித்ததில் பம்ப்பே கிடையாது; தட்டியே சைக்கிள் செயினில் தொங்கிக்கொண்டு, அடித்தொட்டியில் முங்கி எழுந்து சுற்றிச் சுற்றி வரும். அது போடும் "கடக், கடக்" சத்தத்தில்தான் நானும் தம்பியும் தூங்கப் பழகினோம்.

மத்திய அரசில் கிளார்க்காக இருந்த அப்பா, ஆபீஸ் விட்டு வந்ததும் பனியனோடு பால்கனியில் உட்கார்ந்து செயினுக்கு கிரீஸ் போடுவார். இதற்குக் காப்புரிமை வாங்கப்போகிறேன் என்று அவர் சொன்னபோது சிரித்தோம். வாங்கியே விட்டார்! சான்றிதழைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்றைக்குப் பிடித்தது சனி. "இனிமே எவனுக்கும் ஃபைல் தூக்க மாட்டேன், ரிசைன் பண்ணிட்டு கூலர் ஃபேக்டரிதான்" என்று தினமும் முழக்கம். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், பள்ளிக்கூடமும் போகும், தோழிகளும் போவார்கள். "இந்த மனுசனுக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூலர் தயாரிக்கும் முதலாளி ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை அம்மா முருகன் படத்தின் முன் வெகுநேரம் கண்மூடி நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்று, செயின் அறுந்து விழட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டேன். அம்மாவும் அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

பாழாய்ப்போன கூலர் என்றைக்கும் இல்லாத அழகாய் ஓடியது. "கமால் ஹை, சாஹிப்!" என்று வியந்து முதலாளி அப்பாவைக் கட்டிக்கொண்டார். நாளைக்கே வேலையை விட்டுவிட்டு வாருங்கள், தயாரிப்பு முழுக்க உங்கள் பொறுப்பு என்றார். காபியோடு வந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அப்பா கூலரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "சோச்சேங்கே" என்றார். யோசிக்கலாம் என்று அர்த்தம். ஆனால் எங்கள் வீட்டில் அது, வாசலுக்கு வரும் போர்வைக்காரரை மனம் நோகாமல் திருப்பி அனுப்ப அம்மா சொல்லும் சொல். முதலாளியும் டெல்லிக்காரர்தானே, புரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கதவைச் சாத்திய அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "அப்பாடா!" என்றார். "வேண்டாம்னு சொல்லிருவான்னுல்லா நெனச்சேன். வேணும்னுட்டானே! பயந்தே போயிட்டேம்ளா." அம்மா சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த அப்பாவின் காபி சேலையெல்லாம் கொட்டியது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பிவிட்டார்கள். கூலரைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார், காப்புரிமையும் காலாவதியாகிவிட்டது. இப்போது வீட்டில் சத்தமே போடாத ஏ.சி. ஓடுகிறது. சான்றிதழ் மட்டும் இன்னும் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், அன்றைக்கு என்னதான் வேண்டினாய் என்று போன கோடையில் கேட்டேன்.

"மெஷின் நல்லா ஓடணும், வந்தவன் இவரைப் பாராட்டணும், ஆனா இவரு வேலைய மட்டும் விடக்கூடாதுன்னு கேட்டேன். வேற என்னத்தக் கேக்கட்டி?"