மைதாவுக்காக ஒரு துப்பாக்கிச் சண்டை

போன வாரம் டி.வி.யில் ஒரு பழைய இங்கிலீஷ் படத்தைத் தமிழ் பேச வைத்துப் போட்டார்கள். கப்பல், பாலைவனம், ஆளுக்கொரு துப்பாக்கி. பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. கதாநாயகன் சுத்தத் தமிழில், "மூட்டையில் இருப்பது போதைப்பொருள்!" என்றான். அறுபது வருடத்துக்கு மேலாக அதை மைதா என்றல்லவா சொல்லி வந்திருக்கிறேன்!

அப்போது திருச்சியில், இங்கிலீஷ் படம் மட்டுமே போடுகிற ஒரு கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் டிக்கெட்டில் அச்சடித்திருந்த அளவுதான். அதிலும் பாதியைக் கிழித்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் நான் தினமும் மூன்று ஆட்டம் இங்கிலீஷ் கேட்கிற அறிவாளி. அந்தத் தைரியத்தில் அத்தை, முசிறியில் பெண் பேசும்போது, "பையன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்" என்று சொல்லிவிட்டாள். பெண் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பொய் வெளிப்பட்டு அவள் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மதிய ஆட்டத்துக்குப் பெண்ணின் அப்பாவே வந்து நின்றார்.

"பக்கத்துல உக்காருங்க தம்பி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

உட்கார்ந்தேன். திரையில் ஒரு மூட்டை பிரிந்தது. உள்ளே வெள்ளைத் தூள்.

"என்னங்க அது?"

ரேஷன் கியூவில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? "மைதாங்கய்யா."

"மைதாவுக்கா இத்தனை துப்பாக்கி?"

"அவங்க ஊர்ல தட்டுப்பாடுங்க."

"நாக்குல வச்சுப் பாக்கறானே?"

"வண்டு விழுந்திருக்கான்னு பாக்கறாங்க."

வாழைத்தோட்டத்தில் பன்றி விரட்ட, லைசென்ஸ் வாங்கி இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறவர் அவர் என்பதை அத்தை எனக்குச் சொல்லவில்லை.

"ஆறு குண்டுத் துப்பாக்கி. பதினாலு சுட்டுட்டான். எப்பங்க மறுபடி போட்டான்?"

"அதை இப்பத்தான் இங்கிலீஷ்ல சொன்னாங்க."

"ஆத்துல முங்கி எந்திரிச்சும் சுடறான்! என் தோட்டா பனி பட்டாலே ஊதிப்போகுது."

"அது சீமைத் தோட்டாங்கய்யா."

என் சட்டை, ஆற்றில் முங்கியவன் சட்டையைவிட நனைந்திருந்தது. படம் முடிந்ததும், "போயிட்டு வரேன் தம்பி" என்று மட்டும் சொல்லி பஸ் ஏறிவிட்டார்.

பத்து நாள் கழித்துச் சம்மதக் கடிதம் வந்தது. கல்யாணத்தன்று சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு மூட்டை மைதா! பக்கத்தில் தோளில் துப்பாக்கியோடு மாமனார்.

"பத்திரம் மாப்ளே. எவனாவது கப்பல்ல வந்துடப் போறான்."

பந்தலே சிரித்தது. மணப்பெண்தான் அதிகம் சிரித்தாள்.

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?" என்றேன், மெதுவாக.

"பொண்ணு குடுக்கறவன் விசாரிக்க மாட்டானா? எட்டாங்கிளாஸ்னு அப்பவே தெரியும். அந்த நடுக்கத்துலயும் எந்திரிச்சு ஓடாம உக்காந்திருந்தீங்களே."

அந்த மைதா தீர்ந்த பிறகும், குண்டு எண்ணுகிற வழக்கம் எங்கள் வீட்டில் தீரவில்லை. எந்தப் படத்தில் எவன் சுட்டாலும் நானும் அவளும் விரல் மடக்குவோம்; ஏழாவது குண்டுக்கு அவள் கைதட்டுவாள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மாமனார் போனதும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். போன ஆடியில் அவளும் போய்விட்டாள். "கேட்டியா, மைதா இல்லையாம்" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். டி.வி.யில் அவன் ஏழாவது குண்டைச் சுட்டான். கைதட்டல் கேட்கவில்லை.