விடிந்ததும் சுகிர்தா முகம்

என் தங்கச்சி சுகிர்தாவை மாகறல் சுற்றுவட்டாரத்தில் நாற்று நடுகிற எல்லாப் பொம்பளைகளுக்கும் தெரியும். நடவுக்கு ஆள் கட்டுவது அவள்தான். யார் கழனிக்கு யார் போவது, எந்த வேன் வரும், எல்லாம் அவள் போனில்தான் முடிவாகும். நான் டிராக்டர் ஓட்டுகிறவன். நான் சேற்றைக் கலக்கிவிட்டுக் கரையேறினால் அவள் ஆட்களோடு இறங்குவாள். ஊரில் என்னைவிட அவளுக்குத்தான் மரியாதை. எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் அதுதான் உண்மை.

அவள் மகள் ஷாரோன் டாக்டருக்குப் படிக்கிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்தது. முதல் வருஷம் உடம்பு எப்படி ஓடுகிறது என்று படித்தார்களாம். இந்த வருஷம் அது எப்படிக் கெட்டுப்போகிறது என்று படிக்கிறார்கள். செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். அதைத் திறந்த நாளிலிருந்து பெண்ணுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படிக்கிற நோயெல்லாம் தனக்கே இருக்கிறது என்பாள். ரத்தப் புற்றுநோய் பாடம் நடந்தபோது, பல் விளக்கினால் ரத்தம் வருகிறதென்று போனில் அழுதாள். பிறகு தைராய்டு. பிறகு இதயத்தில் வால்வு. இந்தப் படிப்புக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படித் தோன்றும் என்று வாத்தியாரே சிரித்தாராம். நாங்களும் சிரித்தோம்.

அதனால் தை மாச லீவில் வந்தவள், விடிந்ததும் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்து, "மா, கண்ணுக்குக் கீழ வீங்கிக் கீது" என்றபோது யாரும் காதில் வாங்கவில்லை.

"தூங்கி எழுந்தா எல்லாருக்கும் அப்டிதான். இந்த மாசம் உனுக்கு இன்னா நோவு? அத்தச் சொல்லு மொதல்ல" என்றாள் சுகிர்தா.

"வெளையாடாத மா. கால நீட்டு."

நீட்டினாள். ஷாரோன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். சேற்றில் விரல் வைத்த மாதிரி குழி அப்படியே நின்றது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒண்ணுக்குப் போனா நுரையா வருதா?"

"மாமன் ஒக்காந்துக்கினு கீறாரு, இன்னா பேச்சு பேசற நீ" என்று சுகிர்தா எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு ஷாரோனும் கழனிக்கு வந்தாள். எங்கள் பக்கம் நடவுக்கு வருகிற பொம்பளைகளுக்குப் பொழுது ஏறினதும் டீயும் போண்டாவும் வரும். கூடவே செட்டும் வரும். செட்டு என்றால் பெட்டிக்கடையில் காகிதத்தில் மடித்துத் தருகிற வலி மாத்திரை, வெள்ளை ஒன்று, ஆரஞ்சு ஒன்று. போட்டுக்கொண்டால் பொழுது சாயும்வரை இடுப்பு தெரியாது. செட்டு தராத கழனிக்கு ஆள் வராது. அதை ஆளாளுக்குக் கையில் கொடுப்பது சுகிர்தா. கொடுத்துவிட்டுத் தானும் போட்டுக்கொள்வாள். வருஷக்கணக்காக அப்படித்தான்.

தண்ணீர்க் குடம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. ஏன் யாரும் குடிக்கவில்லை என்று ஷாரோன் கேட்டாள்.

"குடிச்சா எங்க போயி ஒக்கார்றது?" என்றாள் கூட நடுகிற பவளம். "நாலு பக்கமும் வெட்டவெளி. உங்க மாமன் வேற டிராக்டரு மேல கொக்காட்டம் ஒக்காந்துக்கினு கீறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் அதே கழனியில் இருந்தும் எனக்கு அது தெரியாது. ஷாரோன் சிரிக்கவில்லை. வரப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, வெய்யில்ல தண்ணியில்லாம இருந்தா கிட்னிக்கு ரத்தம் கம்மியாப் போவும். அப்ப கிட்னி தன் கதவ நல்லாத் தொறந்து வெச்சிக்கினு சமாளிக்கும். இந்த மாத்திர அந்தக் கதவ மூடிடும்."

"தெனமும் மூடிக்கினே இருந்தா?"

"அதான் பயமா கீது. ஆனா எனுக்கு எல்லாத்துக்குந்தான் பயம். இது நெசமா, பொஸ்தகத்தால வந்த பயமான்னு எனுக்கே தெரியல மாமா."

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு நடவு முடியட்டும் என்றுவிட்டாள் சுகிர்தா. மறுநாள் காலை ஷாரோன், சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்க, பரீட்சைக்குப் பழக வைத்திருந்த கண்ணாடிக் குழாயையும் ஆசிட்டையும் எடுத்தாள்.

"சோறாக்குற அடுப்புல அத்த வெச்சின்னா கைய ஒடிச்சிருவேன்" என்றாள் சுகிர்தா. கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுவர்த்தியைத் துணி துவைக்கிற கல்மேல் நட்டேன்.

முதலில் தன் சிறுநீரைக் காய்ச்சினாள். தெளிவாகவே இருந்தது. பிறகு அம்மாவுடையது. துணி கிளிப்பால் குழாயைப் பிடித்து மேல்பாதியைச் சுடரில் காட்டினாள். முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி மேலே வெள்ளையாகத் திரண்டது.

"இன்னாடி அது?"

"இரு மா. ஆசிட் வுட்டா கரைஞ்சிடும். கரைஞ்சா வெறும் உப்புதான். கரையலன்னாதான் கிட்னி ஒழுவுது."

ஊறுகாய் வாடை அடிக்கிற ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கரையவில்லை. இன்னும் விட்டாள். "நான்தான் தப்பாப் பண்ணிட்டேன்" என்று குழாயைக் கழுவிவிட்டு மறுபடி செய்தாள். மறுபடியும் வெள்ளைதான்.

அவள் பயந்ததெல்லாம் இதுவரை பொய்யாய்த்தானே போயிற்று, இதுவும் அப்படிப் போகக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

சுகிர்தா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். "வண்டிய எடுண்ணா" என்றாள்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னியில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம், வலி மாத்திரையை இனி வாயில் வைக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. ஷாரோன் ரிப்போர்ட்டை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தாள். நிசமாக இருக்குமென்று அவளே நம்பாமல்தான் வந்திருக்கிறாள்.

இப்போது கழனியில் டீ வந்ததும் சுகிர்தா செட்டு தருவதில்லை. "வலிச்சா வூட்டுக்குப் போங்கடி" என்கிறாள். இரண்டு பேர் வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். வரப்போரம் பழைய சேலையால் ஒரு மறைப்பு கட்டியிருக்கிறோம். குடத்தில் தண்ணீர் குறைகிறது. வலி பொறுக்காமல் சுகிர்தா நாற்றைக் கையில் பிடித்தபடி நின்றுவிடும்போது, எங்கே மடியிலிருந்து செட்டுக் காகிதத்தை எடுத்துவிடுவாளோ என்று நான் டிராக்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தினமும் விடிந்ததும் அவள் முகத்தைப் போட்டோ எடுத்து, காலேஜுக்குத் திரும்பிவிட்ட ஷாரோனுக்கு அனுப்புவது என் வேலை. "பொணத்தப் படம் புடிக்கிற மாதிரி கிட்ட வராத" என்று திட்டுவாள். அனுப்பியதும் ஷாரோன் 'சரி மாமா' என்று போடுவாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் டிராக்டரை எடுப்பது.

இன்றைக்கு இடது கண்ணுக்குக் கீழே கொஞ்சம் உப்பியிருந்த மாதிரி பட்டது. ஒருக்களித்துப் படுத்ததாலும் இருக்கும். போட்டோ போய்விட்டது. பார்த்துவிட்டாள் என்று நீல டிக்கும் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. சாவி கையில் இருக்கிறது.