நசீமா டீச்சரின் கலவை உருண்டை

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் குமராட்சி மினிபஸ் வந்து நின்றதும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துவிடுவேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ரயிலில் வரும் நசீமாவின் இடம் அது. போன மாதம் ஒருநாள் அப்படிப் பையை வைத்திருந்தபோது, "இது யாருக்கும்மா?" என்று ஒரு பெண் கேட்டார். "வருவாங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. நசீமாவின் வீட்டுக்காரர். "கலா டீச்சர், நசீமா மவுத்தாயிட்டாம்மா. தொழுகைக்கு எழுந்தவ நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்தா. அவ்ளோதான்." பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பெண் உடனே உட்கார்ந்துகொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்? ஆனாலும் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

நசீமாவை 'அவர்' என்று மரியாதையாகத்தான் எழுத நினைத்தேன். எழுதினால் அவளே சிரிப்பாள். கொள்ளிடக்கரைப் பக்கத்து எங்கள் பள்ளியில் அவள் கணக்கு, நான் தமிழ். ஆனால் ஊரில் யாரும் அவளைக் கணக்கு டீச்சர் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. 'ஆகஸ்ட் டீச்சர்' என்பார்கள். ஆடி பிறந்தாலே அவளுக்குக் கை நிற்காது. கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டே காகிதச் சங்கிலி ஒட்டுவாள். சுதந்திர தினத்துக்குக் கடையில் பிளாஸ்டிக் தோரணம் வாங்கிக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். "காசக் குடுத்து வாங்குனா அது கடைக்காரன் கொண்டாட்டம் சார். நம்ம கொண்டாட்டம் எங்க?" என்பாள்.

ஒரு வருடம் துணித் தோரணம் கட்டுவோம் என்றாள். பிள்ளைகளின் வீடுகளிலிருந்து பழைய துணி வந்தது. காவிக்கு, மலைக்குப் போய்வந்தவர்களின் துண்டுகள். வெள்ளைக்கு, அப்பாக்களின் கிழிந்த வேட்டிகள். பச்சைதான் அகப்படவில்லை. மறுநாள் தன் துப்பட்டாவோடு வந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அப்போதுதான் பெருநாளுக்கு எடுத்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. "அடிப்பாவி, புதுசுடி!" என்று கத்தினேன். "கத்தாத கலா. அடுத்த பெருநாள் வராமலா போயிடும்?" என்றபடி கரகரவென்று வெட்டிவிட்டாள். ஊர்ப் பெண்கள் தோரணத்தைவிட அந்தத் துப்பட்டாவைத்தான் அன்று அண்ணாந்து பார்த்தார்கள்.

இனி அந்தத் தாம்பாளத்தின் கதை. ஊர்க்காரர்களே, உங்களில் பலர் அன்று கொடிக்கம்பத்தடியில் இருந்தீர்கள். இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த வருடம் மிட்டாய்க்குப் பதில் மூவண்ணத் தேங்காய் பர்பி செய்வதென்று அவள் முடிவெடுத்தாள். சாயப்பொடி ஆகாது. மேலே கேரட் சேர்த்த தேங்காய், நடுவில் வெறும் தேங்காய். கீழே, மலேசியாவிலிருந்து அவள் மாமா கொண்டுவந்து கொடுத்து, அவள் தொட்டியில் வளர்த்த ரம்பை இலையின் பச்சைச் சாறு கலந்த தேங்காய். பெரிய தாம்பாளத்தில் பட்டை பட்டையாகப் பரப்பினாள். அதோடு விட்டாளா? சங்குப்பூவை ஊறவைத்த நீலச் சாற்றைத் தொட்டு, ஆரம் ஒன்றுகூட விடாமல் நட்டநடுவில் சக்கரம் வரைந்தாள். கணக்கு டீச்சர் இல்லையா, அளவு அப்படி. அச்சு அசலாகக் கொடி. எங்கள் தலைமையாசிரியர் பூரித்துப் போனார்.

கொடி ஏற்றியாயிற்று. பாட்டுப் பாடியாயிற்று. ஊராட்சித் தலைவரை அழைத்து, கையில் கத்தியைக் கொடுத்து, "வெட்டி ஆரம்பிச்சு வைங்க தலைவரே" என்றார் தலைமையாசிரியர். தலைவர் சக்கரத்துக்கு மேல் கத்தியை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூட்டமும் நின்றது. செய்த எங்களில் ஒருவருக்கும் அதுவரை உறைக்கவில்லை, இதை வெட்டித்தானே தின்ன வேண்டும் என்று!

"ஏய், கொடிய வெட்டுறாங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று போன்கள் மேலே எழுந்தன. கத்தி படுகிற படம் ஒன்று வெளியே போனால் போதும். செய்தது யார் என்று கேட்பார்கள், நசீமா டீச்சர் என்பார்கள். அவளுக்கு வேலை போகும். வேலை மட்டும் போனால் அது அதிர்ஷ்டம். நான் தூணுக்குப் பின்னால் நின்று என் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் முன்னால் போனாள். "கத்தி வேணாங்க, குடுங்க" என்று வாங்கிக் கீழே வைத்தாள். ஈரக்காற்றில் பர்பி இறுகவே இல்லை, அது நல்லதாய்ப் போயிற்று. கையில் நெய்யைத் தடவினாள். இரண்டு கையாலும் மூன்று நிறத்தையும், சக்கரத்தோடு, ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்தாள். பிசைந்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள். போன் பிடித்திருந்தவர்களில் ஒருவர் விடவில்லை. "என்னா டீச்சர், கொடியவே கலச்சிப்புட்டீங்க?" என்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொடி மேல பறக்குது மாமா, நல்லா பாருங்க. இது தேங்கா. கைய நீட்டுங்க" என்று முதல் உருண்டையை அவருக்கே கொடுத்தாள். உருண்டையை வாங்க அவர் போனைப் பைக்குள் போட வேண்டியதாயிற்று. நிறம் சேறு மாதிரிதான் இருந்தது. ருசியோ, அடேயப்பா! இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றவரும் அவரேதான்.

திரும்பும்போது மினிபஸ்ஸில் என் பக்கம் சாய்ந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பயந்துட்டேன்டி கலா" என்றாள். பயப்படாத பெண் என்று அவளை யாரும் புகழ்ந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பயந்துகொண்டேதான் முன்னால் போனாள்.

அடுத்த வருடத்திலிருந்து பிள்ளைகளின் அம்மாக்களே அதை வழக்கமாக்கிவிட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் மூன்று பாத்திரத்தில் மூன்று நிறமாகக் கிளறி, கொடி ஏறியதும் எல்லார் முன்னாலும் ஒன்றாகக் கொட்டுவார்கள். கலக்கும் கை நசீமாவுடையது. ஆறட்டுமே என்றால் கேட்க மாட்டாள். "சூடு இருக்கும்போதுதான்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். ஆறிப்போனா மூணும் தனித்தனிதான்."

அவளைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது கூடத்து அலமாரியில் ஒட்டாத காகிதப் பட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. "அம்மா நேத்து வெட்டுனது, கலாம்மா" என்றாள் மகள். அதுவரை அழாமல் இருந்தவள் அங்கேதான் உடைந்தேன்.

இந்த ஆகஸ்டில் புதிய தலைமையாசிரியர் மிட்டாய் பாக்கெட்டே போதும் என்றார். "வீட்டுப் பலகாரம் சாப்ட்டு எவனுக்காவது வயிறு கெட்டா யாரு டீச்சர் பதில் சொல்றது?" நியாயமான கேள்விதான். தூணுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். "நான் சொல்றேன் சார்" என்றது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சரி என்றார்.

கொடி ஏறியது. அவள் வெட்டிவைத்துப்போன பட்டைகளைப் பிள்ளைகள் ஒட்டிய சங்கிலிகள் காற்றில் ஆடின. அம்மாக்கள் மூன்று பாத்திரங்களையும் தாம்பாளத்தில் கவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஆவி பறந்தது. யாரும் கை வைக்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

நசீமா, ஒரு கணம் பயந்துதான் போனேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பயத்தையும், அதற்கு அடுத்த அடியையும்தான். நெய்யைத் தடவிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டேன். சுட்டதடி. ஆறட்டும் என்று நான் கையை எடுக்கவில்லை.