கோல்கீப்பர் வீட்டு வாசலில்

எழுபதுகளின் நடுவில் கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்து நாலு. டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் ஜாகை. அங்கே என்னைத் தவிர எல்லோரும் வங்காளிகள். அவர்களுடைய கால்பந்து அணியை நானும் என் அணியாக வரித்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், பந்தைவிட எனக்கு அந்த மனிதர்கள்தான் தேவைப்பட்டார்கள். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் ஆட்டத்தைப் பற்றிப் பேச வாயிருந்தால்தான் அவர்கள் வாயில் மாத்ராஜியான ஒரு மதராஸிக்கு அங்கே உட்கார இடம் கிடைத்தது.

அந்த வருஷம் எங்கள் அணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கோல்கீப்பர் வந்தார். வியாசர்பாடிக்காரர். மெஸ்ஸுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் அவரைக் குடிவைத்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மனைவியும் கூட வந்திருந்தாள். இருவருக்கும் வங்காளியில் ஒரு சொல் தெரியாது. மீன்கடை, ரேஷன் கடை, டாக்டர், வீட்டுக்காரர் என்று எல்லாவற்றுக்கும் நான்தான் போனேன். அவரை அண்ணே என்றும் அவளை மதினி என்றும் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அங்கேதான். நான் திருநெல்வேலிப் பக்கம். அவர்களுடைய மெட்ராஸ் பேச்சைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்ததுண்டு. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

டீக்கடையில் என் மதிப்பு ஏறிவிட்டது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்மொஷாய். நான் போனதும் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, "கீப்பர் நேத்து நல்லாத் தூங்கினாரா?" என்று விசாரிப்பார். அவருடைய தூக்கத்துக்கே நான் பொறுப்பு என்பதுபோல் பதில் சொல்வேன்.

லீக் முடிந்தபோது எங்கள் அணியும் எதிரணியும் சமப்புள்ளியில் நின்றன. கோப்பை யாருக்கு என்று முடிவு செய்ய இன்னும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது மதினி சந்துமுனையில் காத்திருந்தாள். வீட்டுக்குள் அண்ணன் இடது கையைத் தலையணைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பயிற்சியில் அடிபட்டு நடுவிரல் வீங்கிக் கறுத்திருந்தது.

"கிளப்ல சொல்லிரலாம்ணே," என்றேன்.

"யாராண்டயும் சொல்லாத தம்பி. தெரிஞ்சா குந்த வச்சிடுவானுங்க. இந்த ஒரு ஆட்டம் ஆடிட்டேன்னு வையி, அப்பால வெரலு போனாலும் போவட்டும்."

கிடர்பூரில் எலும்புக்குக் கட்டுப் போடும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். மறுநாள் சாயங்காலம் அவரை டாக்ஸியில் வைத்துக் கூட்டிவந்தேன். அவர் விரலை இழுத்து, மருந்து தடவி, இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டினார். அண்ணன் சத்தம் போடவில்லை. மதினிதான் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆட்டத்தன்று மத்தியானம் வரை மழை. மைதானத்தில் காலையிலிருந்தே வரிசையில் நின்று, நனைந்து, காலரியில் இடம் பிடித்தோம். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. கடைசி நிமிஷங்களில் எதிரணியிலிருந்து ஒரு பந்து வந்தது. வேகமே இல்லை. குழந்தைக்கு உருட்டிவிட்ட மாதிரி வந்தது. அண்ணன் குனிந்து பிடித்தார். பந்து இடது கையிலிருந்து வழுக்கி முன்னால் விழுந்தது. எதிரணிக்காரன் ஒருவன் அதைக் காலால் தட்டிவிட்டான். அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று அந்தக் காலரியில் எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் மாஸ்டர்மொஷாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

பஸ்ஸில் வந்து டாக்குரியாவில் இறங்கி டீக்கடைக்கு வந்த பிறகுதான் எல்லோருக்கும் வாய் திறந்தது. முதலில் கோச்சைத் திட்டினார்கள், பிறகு நடுவரை, பிறகு மழையை. கடைசியில் யாரோ, "அந்தப் பந்தை என் பாட்டிகூடப் பிடிப்பாள். மாத்ராஜி விலை போயிட்டான்," என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மாஸ்டர்மொஷாய் என் தோளில் கை வைத்தார். "நீ அவங்க வீட்டுக்குப் போய் வந்துட்டு இருக்கறவன். உண்மையைச் சொல்லு. ஏதாவது நடந்ததா?"

விரல் உடைந்திருந்தது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உனக்கு முன்னாடியே தெரியுமா? தெரிந்தும் ஏன் மறைத்தாய்? அந்தத் தோல்வி அப்படியே என் மடியில் வந்து விழும். நானும் ஒரு மாத்ராஜிதானே.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நேத்து சாயங்காலம் யாரோ ஒருத்தர் டாக்ஸியில அவர் வீட்டுக்கு வந்துட்டுப் போனார். அதை மட்டும் பார்த்தேன்."

பெஞ்சு காலியாகிவிட்டது. கோல்கீப்பர் வீட்டுச் சந்துக்குள் நுழையும்போது இருபது பேர் இருந்தோம். வீட்டை நெருங்கும்போது கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. திருடன், திருடன் என்று கத்தினார்கள். பின்தங்கினால் யாராவது கவனிப்பார்கள் என்று பயந்து நானும் கத்தினேன். என் குரல் மற்றவர்களுடையதைவிட உரக்கவே இருந்தது. யாரோ எறிந்த கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கொடியில் கிடந்த துணியை இழுத்துச் சேற்றில் போட்டு மிதித்தார்கள்.

கதவு பாதி திறந்தது. மதினி எட்டிப் பார்த்தாள். கண்கள் கூட்டத்தில் அலைந்து என்மேல் வந்து நின்றன. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதை நான் பார்த்தேன்.

"தம்பி! நல்லவேள நீ வந்த. இவங்களாண்ட சொல்லு தம்பி. வெரலு ஒடஞ்ச கையோடதான் ஆடிச்சு அவுரு. நீதானே வைத்தியர இட்டாந்த, நீயே சொல்லேன்!"

சத்தம் சட்டென்று அடங்கியது. மாஸ்டர்மொஷாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றா?"

"அவர் வீட்டுல இல்லையாம்," என்று வங்காளியில் சொன்னேன்.

அது பொய்கூட இல்லை. கூட்டத்துக்குப் பயந்து ஆட்டக்காரர்களைப் போலீஸ் இன்னும் மைதானத்திலிருந்த கிளப் கூடாரத்தை விட்டு வெளியே விட்டிருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது. ஆனால் மதினி எட்டு மாதமாகக் கடைத்தெருவுக்குப் போய்வந்தவள். கைக்கு 'ஹாத்' என்று அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்; நான் சொன்னதில் அந்தச் சொல் இல்லை. வீடு என்ற சொல்லும் தெரியும், இல்லை என்ற சொல்லும் தெரியும். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"ஓடிப் போயிட்டான்!" என்று கூட்டம் மறுபடி ஆரம்பித்தது. மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கிவந்து, உள்ளே ஒரு பெண்பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று கைகூப்பினார். மாஸ்டர்மொஷாய்க்கு அப்போதுதான் சுரணை வந்ததுபோல இருந்தது. அவரே எல்லோரையும் அதட்டிக் கலைத்தார். நான் கல் எறியவில்லை. பல வருஷம் அதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் அங்கே போகத் தைரியம் வந்தது. அண்ணனே கதவைத் திறந்தார். கையில் மாவுக்கட்டு. உடைந்த ஜன்னலில் அட்டை வைத்து அடைத்திருந்தார்.

"வா தம்பி. அன்னிக்கு நீ இங்கதான் இருந்தியாமே, இவ சொன்னா. நீ இல்லாங்காட்டி கதவயே ஒடச்சிருப்பானுங்க."

மதினி அவரிடம் பொய் சொல்லியிருக்கவில்லை. நான் இருந்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மிச்சத்தை அவராக நிரப்பிக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, "இன்னாத்துக்குத் தம்பி நீ மூஞ்சத் தொங்கப்போட்டுக்குனு கீற? தோத்தது நானு," என்று சிரித்தார்.

மதினி டீ கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். "சா கான்," என்றாள்.

வங்காளியில் டீ சாப்பிடுங்கள் என்று அர்த்தம். தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையோடு சொன்னாள். அன்று அவள் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஹௌரா ஸ்டேஷனுக்கு வருகிறாயா என்று அண்ணன் கேட்டார். டூட்டி இருக்கிறது என்றேன். அன்று எனக்கு டூட்டி இல்லை. வியாசர்பாடி விலாசத்தை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

துர்கா பூஜைக்கு முன்பு, கோல்கீப்பர் உடைந்த விரலோடு ஆடினார் என்று பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது. மாஸ்டர்மொஷாய் அதை டீக்கடையில் உரக்கப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா டாக்ஸியில வந்தது யாரு?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மறுநாள் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டு மெஸ்ஸுக்கே வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டிருந்தார். யாரோ வீட்டுக்கு வந்து போனதாகக் கேள்விப்பட்டு நாங்கள் மதியிழந்துவிட்டோம் என்றும் எழுதியிருந்தார். "இதைத் தமிழ்ல எழுதிக் கொடு. விலாசம் உங்கிட்ட இருக்குமே?"

அந்த வாக்கியத்தைப் படித்தால் அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிடும். அதை விட்டுவிட்டு எழுதினாலும், அண்ணன் பதில் போட்டால் வைத்தியரை டாக்ஸியில் கூட்டிவந்தது யார் என்று மாஸ்டர்மொஷாய்க்குத் தெரிந்துவிடும். சிகரெட் அட்டை என் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில் இருந்தது.

"விலாசம் கொடுக்கலையே, மாஸ்டர்மொஷாய்," என்றேன்.

அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மனசு கேக்கல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தெருவைத் தாண்டும்வரை அவரை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.