காஞ்சிப் பல்லியைத் தொட்ட கை

சென்ற மாதம் அம்மாவின் இடது தோளில் பல்லி விழுந்தது. காஞ்சிபுரம் போக இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்பவர்கள் என் அம்மாவை அறியாதவர்கள்.

நாங்கள் இருப்பது பிரிஸ்பேனில். ஆஸ்திரேலியாவுக்குள் அனுமதியில்லாமல் ஒரு மாம்பழம்கூட வர முடியாது. பல்லி மட்டும் எப்படியோ வந்து குடியுரிமை பெற்றுவிட்டது. மேலே விழுந்தால் தோஷம். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் கூரையில் பதித்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், தொட்டவர் யாரையாவது தொட்டுக்கொள்ளலாம். எங்கள் பகுதியில் அப்படித் தொட்டவர் ஒருவர்தான்: சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து, பிரிஸ்பேனில் இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டிய என் அப்பா.

எனக்கு ஏழு வயதில் தலையில் பல்லி விழுந்தது. தலையில் விழுந்தால் மரணம் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிட்டதால் அழுகையை நிறுத்த முடியவில்லை. அப்பா வேலை உடுப்போடு தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். "நான் காஞ்சிப் பல்லியத் தொட்டவன்டா. புடி." பிடித்தேன், சாகவில்லை. செய்தி பரவியது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினிப் பொறியாளர்களும் ஒரு பல் மருத்துவரும் வந்து, அவர் கையைத் தொட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஊருக்கு வந்த விடுமுறைகளில் எங்களை அந்தக் கோயிலுக்கு மட்டும் அவர் அழைத்துப்போனதில்லை. "நான்தான் தொட்டுட்டேனே, நீங்க ஏன் வரிசைல நிக்கணும்?" என்பார்.

எட்டு மாதத்துக்கு முன் அப்பா இறந்தார். இப்போது பல்லி விழுந்திருக்கிறது, தொடுவதற்குக் கை இல்லை. அம்மா படுக்கையறைப் பக்கமே போகாமல் கூடத்து நாற்காலியில் தூங்குகிறார். கோயிலிலிருந்து வீடியோவில் காட்டட்டுமா என்றேன். "எனக்குக் கை வேணும்டா" என்றார்.

சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில்: இரண்டே முக்கால் மணி நேரம், இருபத்தைந்து ரூபாய். நிலையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது.

"பல்லியாண்ட தான சார்?" என்றார் ஓட்டுநர். "வர்றவங்க அல்லாரும் பல்லியத்தான் கேக்கறாங்க. பெருமாளு சும்மா நின்னுக்கினு இருக்காரு."

விடுதி அறை தொள்ளாயிரம்; ஒருவருக்கும் இருவருக்கும் ஒரே வாடகை. மாலையில் அப்பாவின் பள்ளித் தோழரைப் பார்க்கப் போனேன். கோயில் போகும் வழியில் வண்டி சீட் கவர் கடை வைத்திருக்கிறார். வந்த காரணத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"உங்கப்பன் பல்லியத் தொட்டானா? யாராண்ட கத வுடற? பல்லியக் கண்டா பென்ச்சு மேல ஏறிக்கினு எறங்கவே மாட்டான்பா."

"நீங்க தொட்டிருக்கீங்களா மாமா?"

"நாங்க எதுக்குத் தொடறோம்? பொறந்ததுலேர்ந்து இங்கியே இருக்குது, எங்க ஓடப் போவுது? அவன் பிளைட் ஏற மொத நாளு நான்தான் இட்டுக்கினு போனேன். செம கூட்டம். 'அடுத்த வாட்டி தொட்டுக்கறேன்டா'ன்னு பூட்டான்."

பிறகு அவர் சிரிக்கவில்லை. காபி வாங்கித் தந்தார்.

அப்பா சொன்ன ஒரே பொய் இதுவாகத்தான் இருக்கும். எனக்காகச் சொன்னது. அதைக் காப்பாற்ற, வந்தவர்களுக்கெல்லாம் முப்பது வருடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவர்மேலும் பல்லி விழுந்திருக்கும். அவர் யாரைத் தொட்டார் என்று தெரியவில்லை.

மறுநாள் ஏழரைக்கே வரிசையில் நின்றேன், நாற்பது நிமிடம். முன்னும் பின்னும் குடும்பங்கள். படியேறி இரண்டு பல்லிகளையும் தொட்டேன். மறுபடியும் தொட்டேன்.

"ஒரு தரம் போதும் சார், நகருங்க" என்றார் அங்கே நின்றவர்.

"இது இன்னொருத்தருக்கு."

"அவர வரச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அம்மா அழைத்தார்.

"தொட்டியா?"

"தொட்டேன்மா."

"அப்பா தொட்ட அதே பல்லிதானே?"

"அதேதான்."

"சரி, சீக்கிரம் வா" என்றார். குரலில் கொஞ்சம் தூக்கம் இருந்தது.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கே போய்விடுங்கள். பல்லிக்குத் தனிச் சீட்டு, அரைக் காபி விலை. பெருமாளையும் எட்டிப் பாருங்கள். நீங்கள் காஞ்சிபுரத்திலேயே பிறந்தவராக இருந்தால், கூட்டமாக இருந்தாலும் விமானம் ஏறுமுன் தொட்டுவிடுங்கள். என்றாவது ஒரு குழந்தை அழும்.