தடியங்காய்க் கூட்டு

எங்கள் நீச்சல் கிளப்பின் ரிலே அணியைக் காப்பாற்றியது, ஊரில் நாங்கள் தடியங்காய் என்று சொல்லும் வெண்பூசணியில் வைத்த கூட்டுதான் என்று நான் எங்கே சொன்னாலும் எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

அப்பாவுக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக் கடையில் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே திருவனந்தபுரம் போனவர், எனக்குப் பத்து வயதானபோதுதான் எங்களை அங்கே அழைத்துக்கொண்டார். அம்மாவுக்கு மலையாளம் என்றாலே கிலி. யாராவது கதவைத் தட்டினால் என்னைத் திறக்க அனுப்பிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். எனக்கும் பேச ஆளில்லை. தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவளாயிற்றே என்று அப்பா என்னை நீச்சல் கிளப்பில் சேர்த்துவிட்டார்.

அங்கே ரிலேவுக்கு நாங்கள் நான்கு பெண்கள். நீந்துவதில் யாரும் சோடையில்லை. ஆனால் கடைசியில் நீந்துகிறவளுக்குத்தான் கைதட்டல் என்பது நால்வருக்கும் தெரிந்திருந்தது. அதனால் எப்போதும் முறைப்பு. முன்னவள் சுவரைத் தொடுவதற்குள் அடுத்தவள் குதித்துவிடுவாள். போன போட்டியில் அதற்காகவே எங்களை வெளியேற்றினார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் ரிலே அணியைக் கலைத்துவிடுவதாகப் பயிற்சியாளர் சார் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்குத் தனிப் போட்டிகள் இருந்தன. எனக்கு ரிலே ஒன்றுதான். அது போனால் மறுபடியும் வீடும் அடுக்களையும்தான்.

போட்டிக்கு முந்தைய நாள் சார் எங்களை வரிசையாக நிறுத்தி, "நீந்தான் எல்லார்க்கும் அறியாம். கூட்டில்லா, அதாணு கொழப்பம். நாளெ கூட்டோடே வந்நால் மதி" என்றார். நீந்தத் தெரியும், கூட்டு இல்லை, நாளைக்குக் கூட்டோடு வந்தால் போதும். முதல் முறையாக அவர் பேசியது ஒரு சொல் பாக்கியில்லாமல் எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

"ஏட்டி, நீச்சலடிக்கிற எடத்துல கூட்டு எதுக்கு?" என்றாள் அம்மா.

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு பொத்தான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "சார் சொன்னா காரணம் இருக்கும். நான் போயி தடியங்காய் வாங்கிட்டு வாரேன். நாளைக்கு நீயும் கூடப் போ. ஆட்டோவுல தூக்குச்சட்டி சரிஞ்சிரும், இவ பிடிக்க மாட்டா."

மறுநாள் நீச்சல்குளத்தில் சார் தூக்குச்சட்டியைப் பார்த்து, "இதெந்தா?" என்றார்.

"கூட்டு, சார்."

சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார். வாயிலிருந்த விசில் விழும்படி சிரித்தார். அப்புறம் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டல்லோ, இவள் மாத்ரமே கூட்டு கொண்டுவந்நுள்ளூ" என்றார்.

நான் மட்டும்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மூவரும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். அழுகை வந்துவிடும் போலிருந்தது. கடைசி இடத்துக்காக அதிகம் சண்டை போட்டவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளில் கைபோட்டாள். "எடீ, கூட்டு எந்நு வெச்சா நம்மளாடீ." கூட்டென்றால் தின்பதல்ல, தோழமை, நாம்தான் என்று விளங்குவதற்குள் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். கூட்டு கொண்டுவந்தவளே கடைசியில் நீந்தட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அன்று யாரும் முந்திக் குதிக்கவில்லை. ஒருத்தி நீந்த, மற்ற மூவரும் கரையில் நின்று "கூட்டு, கூட்டு" என்று கத்தினோம். கேலரியில் இருந்த அம்மாவோ, பாவம் பிள்ளைகளுக்குப் பசி தாங்கவில்லை என்று மூடியைத் திறந்து, கரண்டியும் கையுமாக எழுந்து நின்றுவிட்டாள். இரண்டாவதாக வந்தோம். முதலில் வந்தவர்கள்கூட எங்கள் அளவுக்குக் குதிக்கவில்லை.

கிளப்பில் கொடுத்த பன்னைப் பிய்த்துக் கூட்டில் தொட்டுத் தின்றோம். தோழி ஒருத்தியின் அம்மா வந்து, இது என்ன காய் என்று சைகையில் கேட்டார். "தடியங்காய்" என்றாள் அம்மா, குரலே வெளியே வராமல். "ஞங்ஙளும் தடியங்கா எந்நா பறயுந்நெ" என்றார் அவர், அவர்களுக்கும் அதே பெயர்தானாம். அந்த ஒரு காயைப் பிடித்துக்கொண்டு இருவரும் பாதி சொல்லும் பாதி கையுமாகப் பேச ஆரம்பித்தவர்கள், காவலாளி கேட்டைப் பூட்ட வரும்வரை நிறுத்தவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆட்டோவில் ஏறியதும் அம்மா கேட்டாள், "அடுத்த போட்டி எப்பட்டி?"

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "மலையாளத்துல கூட்டுன்னா சேக்காளியாம். ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

"நமக்கு எங்கட்டி அவ்வளவு மலையாளம்" என்றார் அப்பா. காலிச் சட்டியைக் கழுவிக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்த அம்மாவைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து வருஷத்துக்கு மேலாக ஆரியசாலைத் தெருவில் மலையாளத்தில் விலை பேசி, மலையாளத்தில் சண்டை போட்டு, மலையாளத்திலேயே சமாதானமும் ஆகிக்கொண்டிருந்தவர். அவருக்கு அவ்வளவு மலையாளம் தெரியாது என்பதை நான் அன்று நம்பினேன்.