கானா அரசனும் என் மகளின் பெயரும்

பிள்ளை பிறந்ததைப் பதிய சேர்ச்சுக்குப் போகச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் சைவக்காரர், எங்களுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் டென்மார்க்கில் பிறப்புப் பதிவு பாதிரியாரின் அலுவலகத்தில்தான். எந்தச் சமயத்தவனும் அங்கேதான் போகவேண்டும்.

கோயில் என்ற நினைப்பில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எங்கள் ஹோர்சன்ஸ் நகரில் அன்று விடாத ஸ்னோ. பதிகிற பெண் என் ஈரக் காலுறையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளைக்கு வைத்த அம்மன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டச் சொன்னாள். வெளியே வந்தால் சப்பாத்து நிறைய ஸ்னோ.

அந்தக் கொதியோடு நேரே டேனிஷ் வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் மத்தியகால ஆபிரிக்காவில் இருந்த கானா அரசு. ஆசிரியர் சொன்னார்: "அங்கே அரசும் சமயமும் ஒன்று. மக்கள் அரசன் முன்னால் முழங்காலிட்டுத் தலையில் மண்ணை அள்ளிப் போடுவார்கள். நாங்கள் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டோம்."

தாண்டிவிட்டார்களாம்! இந்த நாட்டில் முடிசூடுகிறவர் லூதரன் கிறிஸ்தவச் சபைக்காரராக இருக்கவேண்டும் என்றே சட்டம் இருக்கிறது.

என் பக்கத்தில் இருந்த மாலி நாட்டுக்காரர், ஒரு முஸ்லிம், கையை உயர்த்தினார். "மண் போட்டது அரசனின் சமயத்தவர் மட்டும்தான். முஸ்லிம்கள் வணக்கமாகக் கை தட்டினால் போதும் என்று அரசன் விட்டுவிட்டான். அவனுடைய மந்திரிமாரில் அநேகர் முஸ்லிம்கள்" என்றார்.

நான் எழும்பிவிட்டேன். "என் பிள்ளையின் பெயர் உங்கள் சேர்ச்சில் கிடக்கிறது. நாங்கள் கை தட்டினால் உங்களுக்குப் போதாதோ?" என்று அரைகுறை டேனிஷில் கத்தினேன்.

"அது வெறும் நிர்வாகம்" என்றார் ஆசிரியர்.

நிர்வாகமாம், மண்ணாங்கட்டி!

வீட்டில் மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. பிள்ளையைச் சேர்ச்சுக்காரர் தங்கட வேதத்துக்கு மாத்திப்போட்டினமோ?"

"விசர்க்கதை கதையாதையும். பிள்ளை அங்க வரவே இல்லை. பேரை மட்டும்தான் எழுதினவை."

"பேர் அவையிட்டப் போனால் பிறகென்ன மிச்சம்?"

அவள் நம்பவில்லை. பிள்ளையின் நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசிவிட்டு அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பௌத்தத்துக்கே முதலிடம் என்று சட்டத்தில் எழுதி வைத்த நாட்டில் அடிபட்டுத்தானே இங்கே ஓடி வந்தோம். இங்கேயும் பெற்ற பிள்ளைக்குப் பேர் பதிய அடுத்தவன் கோயில் வாசலில் நிற்கவேண்டியிருக்கிறது. யார்மேல் பாய்வது என்று தெரியாமல் கானா அரசனின் கதையை அவளுக்குச் சொன்னேன். மண் போடாமல் கை தட்டியவர்களையும் அவன் மந்திரியாக வைத்திருந்தான் என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

"அந்த நாட்டில இப்ப அகதியளை எடுக்கினமோ?"